ஃபிளைட் சிமுலேட்டரில் ஆட்டோபைலட் கோளாறு: எங்கே தொடங்கி எந்த வரிசையில் பார்ப்பது

விமானத்தைத் தானே செலுத்தும் ஆட்டோபைலட் கெட்டுவிட்டது என்று சொல்பவர்களின் அருகில் உட்கார்ந்து திரையைப் பார்த்தால், பெரும்பாலும் அது கேட்டதை அப்படியே செய்துகொண்டிருப்பது தெரியவரும்; தாம் எதைக் கேட்டோம் என்பதை மட்டும் அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். உண்மையான கோளாறுகளும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசை தெரியாதவர்கள் சிமுலேட்டரையே அழித்துவிட்டு மறுபடி நிறுவும் அளவுக்குப் போய்விடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி, மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 பதிப்பில் உள்ள, ஜி1000 எனும் டிஜிட்டல் கருவித் திரைகள் பொருத்திய செஸ்னா 172 விமானத்தை வைத்து எழுதப்பட்டது. அந்த விமானத்தில் திராட்டிலை, அதாவது எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை, தானே இயக்கும் வசதி கிடையாது. வேகத்தை நாம் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால், எந்தத் தவறு யாருடையது என்பது சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். பெரிய ஜெட் விமானத்தில் தடுமாறுபவர்களும் ஒரு வாரம் இதில் பழகிவிட்டுத் திரும்புவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

1. பறக்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

வானிலையைத் தெளிந்த வானமாகவும் காற்றின் வேகத்தைப் பூஜ்ஜியமாகவும் வையுங்கள். நேரடி வானிலையில் சோதித்தால், விமானம் ஆடுவது காற்றாலா கோளாறாலா என்று கண்டுபிடிக்க முடியாது.

கடல் மட்டத்தை ஒட்டிய ஒரு விமான நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். பயிற்சிப் பாடங்கள் நடக்கும் அரிசோனாவின் செடோனா ஏறத்தாழ 4,830 அடி உயரத்தில் இருக்கிறது. பாடம் முடித்த கையோடு அங்கிருந்தே கிளம்பி, ஆட்டோபைலட்டில் 3,000 அடி என்று வைத்துவிட்டு, அது ஏன் மேலே ஏறி அந்த உயரத்தில் நிற்கவில்லை என்று கேட்பவர்கள் பலர். ஓடுபாதையில் நிற்கும்போதே விமானம் அந்த உயரத்துக்கு மேலே இருக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

கையை எடுத்தாலும் மூக்கு அதே கோணத்தில் நிற்கும்படி சரிசெய்வதை டிரிம் என்பார்கள். உதவி அமைப்புகள் பக்கத்தில் தானாக டிரிம் செய்வது, கட்டுப்பாட்டைத் திருத்திக் கொடுப்பது போன்றவற்றை அணைத்துவிடுங்கள். ஆட்டோபைலட்டும் டிரிம் சக்கரத்தைத்தான் இயக்குகிறது. ஒரே சக்கரத்தை இரண்டு பேர் திருப்பினால் சண்டைதான் வரும்.

ஜாய்ஸ்டிக் ஒன்றைத் தவிர மற்ற எல்லாக் கருவிகளையும் யூஎஸ்பியிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். அவை எதற்கு என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

2. எதையும் தொடும் முன் மேல்பட்டையைப் படியுங்கள்

ஜி1000 முதன்மைத் திரையின் உச்சியில் ஒரு குறுகிய பட்டை உண்டு. இடப்பக்கம் திசைக்கான மோடு, நடுவில் ஆட்டோபைலட் இணைந்திருப்பதைக் காட்டும் ஏபி என்ற எழுத்து, வலப்பக்கம் உயரத்துக்கான மோடு. பச்சையில் இருப்பது இப்போது விமானத்தைச் செலுத்திக்கொண்டிருக்கிறது. வெள்ளையில் இருப்பது தன் முறைக்காகக் காத்திருக்கிறது. ஆட்டோபைலட் பற்றிய கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு நிறங்களிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

எனவே விமானம் எதிர்பாராத எதையாவது செய்யும் கணத்தில், பொத்தானை அமுக்குவதற்கு முன் சிமுலேட்டரை மூடாமல் ‘பாஸ்’ செய்து முழுமையாக உறையவைத்துவிட்டு, பட்டையில் உள்ளதை இடமிருந்து வலமாக நிறத்தோடு தாளில் எழுதுங்கள். ‘ரோல் பச்சை, ஏபி பச்சை, பிட் பச்சை’ என்று எழுத நேர்ந்தால், திசையையும் உயரத்தையும் பற்றி நீங்கள் ஆட்டோபைலட்டிடம் எதுவும் சொல்லவில்லை என்று பொருள். அது இறக்கையின் சாய்வையும் மூக்கின் கோணத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

புதியவர்கள் பதற்றத்தில் ஒரே பொத்தானை இரண்டு மூன்று முறை அமுக்குவார்கள். நாம் குறித்த திசையில் விமானத்தைக் கொண்டுபோகும் ஹெடிங் பொத்தானை முதல் முறை அமுக்கினால் அந்த மோடு வரும். மறுமுறை அமுக்கினால் அது விலகி ரோல் மோடுக்குப் போய்விடும். ஒரு முறை அமுக்கி, பட்டையில் எழுத்து மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை எடுக்க வேண்டும்.

3. சரியான வரிசையில் ஒரு முறை இயக்கிப் பாருங்கள்

கோளாறு தேடுவதற்கு முன், பிழையில்லாத ஒரு தொடக்கத்தைக் கொடுத்துப் பார்ப்பது அவசியம். புறப்பட்டு ஏறத்தாழ 1,000 அடி உயர்ந்ததும், வேகத்தை 80 நாட் (மணிக்கு 80 கடல் மைல்) அளவில் வைத்து, ஜாய்ஸ்டிக்கை விட்டாலும் மூக்கு அப்படியே நிற்கும் வரை டிரிம் செய்யுங்கள். டிரிம் செய்யாத விமானத்தை ஒப்படைத்தால், முதல் சில நொடிகளுக்கு அது குதிப்பதையோ தொய்வதையோ பார்த்துக் கோளாறு என்று நினைப்பீர்கள்.

பிறகு ஹெடிங் குமிழை ஒரு முறை உள்ளே அமுக்குங்கள். திசைகாட்டியில் உள்ள நீலநிறக் குறி விமானம் போகும் திசைக்கு வந்து உட்காரும். இதைச் செய்யாவிட்டால் குறி பழைய இடத்திலேயே கிடக்கும். ஹெடிங் மோடை அமுக்கியதும் விமானம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அடுத்து, போக வேண்டிய உயரத்தை உயரக் குமிழில் வையுங்கள். பெரிய வளையம் ஆயிரமாயிரமாகவும் சிறியது நூறு நூறாகவும் மாற்றும்.

இதன் பின் ஹெடிங், அதன் பின் ஒரே காற்று வேகத்தைப் பிடித்து ஏறவைக்கும் எஃப்எல்சி, கடைசியில் ஏபி. இலக்குகளையும் மோடுகளையும் முதலில் கொடுத்துவிட்டு ஆட்டோபைலட்டைக் கடைசியில் இணைப்பதற்குக் காரணம் உண்டு. வெறும் ஏபி பொத்தானை மட்டும் அமுக்கினால் அது ரோல், பிட் என்ற அடிப்படை மோடுகளில்தான் தொடங்கும். அந்த நேரம் மூக்கு 12 பாகை மேலே இருந்தால், வேகம் குறைந்துகொண்டே போனாலும் அதே கோணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த வரிசையில் செய்து எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டால் உங்கள் சிமுலேட்டரில் பழுது இல்லை. 6ஆம் பகுதிக்குப் போகலாம். இல்லையென்றால் அடுத்த இரண்டு பகுதிகளையும் விடாமல் பாருங்கள்.

4. ஏபி எரியவே இல்லை, அல்லது எரிந்து உடனே அணைகிறது

முதலில் மின்சாரம். எல்லாம் அணைந்த நிலையிலிருந்து விமானத்தைத் தொடங்குபவர்கள் மாஸ்டர் சுவிட்சின் இரண்டு பாதிகளில் பேட்டரிப் பாதியை மட்டும் போட்டுவிட்டு, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பாதியை மறந்துவிடுவதுண்டு. எஞ்சின் ஓடும், திரைகளும் எரியும். ஆனால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். சற்று நேரம் நன்றாகப் பறந்த பிறகு ஆட்டோபைலட் விலகி, திரைகளும் ஒவ்வொன்றாக மங்கினால் காரணம் இதுதான். மின்னணுக் கருவிகளுக்கான ஏவியானிக்ஸ் சுவிட்சையும் அதோடு சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது விசைப்பலகை. 2020 பதிப்பில் ஆங்கிலத்தின் கடைசி எழுத்தான ‘இசட்’ விசை, ஆட்டோபைலட்டை இணைக்கவும் விலக்கவும் இயல்பாகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதே கட்டளை ஜாய்ஸ்டிக் பொத்தான் ஒன்றிலும் இருக்கலாம். தேய்ந்த பொத்தான் ஒரே அமுக்கலை இரண்டாக அனுப்பும்போது, ஆட்டோபைலட் இணைந்த அதே நொடியில் விலகிவிடும். கட்டுப்பாட்டு அமைப்புகளில் ‘ஆட்டோபைலட்’ என்று தேடி, ஒவ்வொரு கருவியிலும் அந்தக் கட்டளை எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து, ஒரே இடத்தில் மட்டும் விட்டுவையுங்கள். சோதனைக்காகத் திரையில் உள்ள பொத்தானைச் சுட்டியால் அமுக்கிப் பாருங்கள். சுட்டியால் நிற்கிறது, ஜாய்ஸ்டிக்கால் நிற்கவில்லை என்றால் குற்றவாளி பொத்தான்தான்.

மூன்றாவது ஜாய்ஸ்டிக்கின் மையம். தனியாக வாங்கியோ இலவசமாக இறக்கியோ பயன்படுத்தும் சில விமானங்களில், சில நிஜ விமானங்களில் போலவே, ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் ஆட்டோபைலட் விலகும். கை வைக்காதபோதும் ஜாய்ஸ்டிக் சிறிது விலகிய எண்ணை அனுப்பிக்கொண்டிருந்தால், விமானம் அதை உங்கள் கையாகவே எடுத்துக்கொள்ளும். சென்சிட்டிவிட்டி பக்கத்தில் ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல், அதன் நிலையைக் காட்டும் புள்ளியைப் பாருங்கள். அது துடித்தால், நடுவில் சிறு அசைவுகளைப் பொருட்படுத்தாத மைய ஓய்வுப் பகுதியை 3 முதல் 5 சதவீதம் வரை கூட்டுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் கூட்டினால்தான் நிற்கிறது என்றால் ஜாய்ஸ்டிக்கையே மாற்றும் காலம் வந்துவிட்டது. ஏனெனில் அந்த அளவு ஓய்வுப் பகுதியோடு கையால் தரையிறக்குவது மிகவும் கடினம்.

5. மூக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது

இது என்னை மிக அதிகமாக அலைக்கழித்த கோளாறு என்பதால் விரிவாகச் சொல்கிறேன். உயரத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் போக வேண்டிய விமானம், நான்கைந்து நொடிகளுக்கு ஒரு முறை தலையை ஆட்டுவதுபோல் மேலும் கீழும் போய்வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வரைகலை அமைப்புகளை மாற்றினேன், விமானக் கோப்புகளை மறுபடி இறக்கினேன், எதுவும் மாறவில்லை. மாலையில் கேமராவைக் கீழே இறக்கி டிரிம் சக்கரத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆட்டோபைலட் சக்கரத்தை மெதுவாக உருட்ட, அது திடீரென்று வெடுக்கென்று பழைய இடத்துக்குத் திரும்பியது. மறுபடி மெதுவாக உருண்டது, மறுபடி வெடுக்கென்று திரும்பியது.

திராட்டில் பெட்டியில் உபரியாக இருந்த ஒரு நெம்புகோலை டிரிம் அச்சாக நான்தான் முன்பு எப்போதோ ஒதுக்கியிருந்தேன். பொத்தானாக இருந்தால் அமுக்கும்போது மட்டும் கட்டளை போகும். நெம்புகோல் அப்படியில்லை, அது தன் இடத்தை ஓர் எண்ணாகச் சொல்கிறது. உள்ளே இருக்கும் மின்தடை சற்றுத் தேய்ந்திருந்தால் அந்த எண் தானாகவே துடிக்கும். துடிக்கும் ஒவ்வொரு முறையும் ‘டிரிம் இங்கே இருக்கட்டும்’ என்ற கட்டளை போய், ஆட்டோபைலட் வைத்த இடத்தை அழித்துவிடும்.

ஆகவே மூக்கு ஆடும் விமானத்தில் முதலில் டிரிம் சக்கரத்தை 30 நொடி உற்றுப் பாருங்கள். சக்கரம் வெடுக்கென்று துள்ளினால் அச்சு ஒதுக்கீட்டை நீக்கிவிட்டு டிரிமைப் பொத்தான்களுக்கு மாற்றுங்கள். சக்கரம் சீராக உருண்டும் மூக்கு ஆடினால் காரணம் வேறு. 11ஆம் பகுதியைப் பாருங்கள்.

6. வழித்தடத்தைப் பின்பற்றவில்லை

வழித்தடத்தைப் பிடிப்பதற்கான நேவ் பொத்தானை அமுக்கியும் விமானம் தன்போக்கில் போகிறது என்றால், திசைகாட்டியின் நடுவில் உள்ள ஊசியின் நிறத்தைப் பாருங்கள். மெஜந்தா (அடர் இளஞ்சிவப்பு) என்றால் ஜிபிஎஸ் வழித்தடம். பச்சை என்றால் தரைநிலைய ரேடியோ. நேவ் மோடு ஊசி எதைக் காட்டுகிறதோ அதையே பின்பற்றும். வழித்தடம் ஜிபிஎஸ்ஸில் இருக்க, ஊசி பச்சையாக இருந்தால், திரையின் அடியில் உள்ள சிடிஐ பொத்தானை மெஜந்தா வரும் வரை அமுக்குங்கள்.

நிறம் சரி, ஆனால் பட்டையில் ஹெடிங் பச்சையாகவும் ஜிபிஎஸ் வெள்ளையாகவும் அப்படியே நிற்கிறது என்றால், விமானம் வழித்தடக் கோட்டை நோக்கிப் போகவே இல்லை. கோட்டைச் சந்திக்கும்படி விமானத்தைக் கொண்டுபோவது நம் வேலை. 30 முதல் 45 பாகைக் கோணத்தில் கோட்டை வெட்டும்படி ஹெடிங் குறியைத் திருப்புங்கள். நெருங்கியதும் வெள்ளை பச்சையாக மாறித் தானே திரும்பும்.

வழித்தடத்தைப் பிடித்துக்கொண்டு விமானம் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதும் உண்டு. பின்னால் விட்டுவந்த புள்ளி இன்னும் இலக்காக இருப்பதே காரணம். வழித்தடப் பக்கத்தைத் திறந்து, அடுத்துப் போக வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து அதைச் செயலில் கொண்டுவாருங்கள், அல்லது ‘நேராகச் செல்’ பொத்தானால் முன்னுள்ள புள்ளியைக் கொடுங்கள்.

7. உயரத்தில் நிற்கவில்லை

என் அக்கா மகன் முதன்முதலில் தனியாக ஓட்டியபோது, “மாமா, நான் எட்டாயிரம்தான் வச்சேன், இது நிக்கவே மாட்டேங்குது” என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் விமானம் 8,900 அடியில் ஏறிக்கொண்டிருந்தது. 8,300 அடியில் இருக்கும்போது இலக்கை 8,000 என்று வைத்துவிட்டு, ஏறும் அல்லது இறங்கும் வேகத்தைப் பிடிக்கும் விஎஸ் மோடில் மூக்கை உயர்த்தும் பொத்தானை அமுக்கியிருக்கிறான். இலக்கு கீழே, விமானம் மேலே போகிறது; இரண்டும் என்றைக்கும் சந்திக்கப் போவதில்லை. ஆட்டோபைலட் திசையைத் தானே மாற்றிக்கொள்ளாது. இலக்கை வைத்ததும், விமானம் அதை நோக்கித்தான் போகிறதா என்று உயரமானியின் பட்டையை ஒரு முறை பாருங்கள்.

இதைவிடப் பரவலான தவறு, இலக்கை வைத்துவிட்டு ஆல்ட் பொத்தானை அமுக்குவது. ‘அந்த உயரத்துக்குப் போ’ என்பது அதன் பொருள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ‘இப்போதுள்ள உயரத்திலேயே இரு’ என்பதே அதன் பொருள். ஏற வேண்டுமானால் விஎஸ் அல்லது எஃப்எல்சி வேண்டும். இலக்கை எட்டும்போது ஆல்ட் மோடு தானே வந்துவிடும்.

விஎஸ் பொத்தானை அமுக்கியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அந்த நேரத்தின் ஏறும் வேகத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. மட்டமாகப் பறக்கும்போது அது பூஜ்ஜியம். மூக்கை உயர்த்தும் பொத்தானை ஐந்து முறை அமுக்கினால் நிமிடத்துக்கு 500 அடி கிடைக்கும். எஃப்எல்சியும் இப்படித்தான், அமுக்கிய நேரத்தின் காற்று வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். மட்டமாக 115 நாட்டில் போகும்போது அதை அமுக்கினால், ஏறுவதற்கு மிச்ச சக்தி ஏறக்குறைய இராது. அங்கே மூக்கை உயர்த்தும் பொத்தான் இலக்கு வேகத்தைக் குறைக்கும் என்பதை நினைவில் வைத்து, 80 நாட் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

உயரம் சரியாக நின்றும், கட்டுப்பாட்டு மையம் உங்கள் உயரம் தவறு என்று சொல்லிக்கொண்டே இருந்தால் காற்றழுத்த அமைப்பைப் பாருங்கள். காற்றழுத்த அலகான ஹெக்டோபாஸ்கலில் ஒன்று வேறுபட்டால் ஏறத்தாழ 27 அடி. 10 வேறுபட்டால் 270 அடி தவறும். விசைப்பலகையின் ‘பி’ விசை அதை உள்ளூர் அழுத்தத்துக்குச் சரிசெய்யும்.

8. ஏறும்போது வேகம் இறங்கி விழுகிறது

செஸ்னா 172இன் எஞ்சின் 180 குதிரைத்திறன் கொண்டது. முழு எடையில், கடல் மட்டத்தில் அதன் சிறந்த ஏற்றம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 730 அடி. 8,000 அடியைத் தாண்டிய பின் 500 கூடக் கிடைக்காது. விஎஸ் மோடில் 1,000 என்று கேட்டால், ஆட்டோபைலட் மூக்கை உயர்த்தி உயர்த்தி அந்த எண்ணைக் காப்பாற்றப் பார்க்கும். வேகம் 70, 60 என்று இறங்கி, இறக்கை தூக்கும் திறனை இழக்கும். இதைக் கோளாறு என்று சொல்லும் விமானிகளுக்கு நான் எப்போதும் சொல்வது: ஏறுவதற்கு எஃப்எல்சி, இறங்குவதற்கு விஎஸ். எஃப்எல்சி வேகத்தைக் காக்கும். சக்தி குறைந்தால் ஏற்றம்தான் குறையும்.

எரிபொருள் கலவையையும் மறக்க வேண்டாம். 3,000 அடிக்கு மேல் ஏறும்போது கலவையை மெலிதாக்காவிட்டால் (அதாவது எரிபொருளின் பங்கைக் குறைக்காவிட்டால்) எஞ்சின் இருக்கிற சக்தியையும் தராது.

9. தரையிறங்கும் கதிரைப் பிடிக்கவில்லை

ஓடுபாதையருகே இருந்து வரும் ரேடியோ கதிர்களைப் பிடித்து இறங்கும் ஐஎல்எஸ் இறக்கத்தில் தவறக்கூடியவை அதிகம். நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் மூன்றே இடங்களில் நிகழ்ந்தவை. அலைவரிசையைக் காத்திருப்புக் கட்டத்தில் வைத்துவிட்டு, செயல் கட்டத்துக்கு மாற்றாமல் விடுவது முதலாவது. ஊசி மெஜந்தாவிலேயே இருப்பது இரண்டாவது. ஐஎல்எஸ்ஸுக்கு அது பச்சையாக வேண்டும். சில நேரங்களில் தானே மாறும். ஆனாலும் நம்பி விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, நேவ் பொத்தானை அமுக்குவது. அது கிடைமட்டத் திசையை மட்டும் பிடிக்கும். இறங்கும் கதிரும் வேண்டுமென்றால் ஏபிஆர் பொத்தான்தான்.

எல்லாம் சரியாக இருந்தும், இறங்கும் கதிரைக் குறிக்கும் ஜிஎஸ் என்ற எழுத்து வெள்ளையிலேயே நின்றுவிட்டால், நீங்கள் கதிருக்கு மேலே இருக்கிறீர்கள். கதிரைக் கீழிருந்து சந்திக்க வேண்டும். 3 பாகைக் கதிர் ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 318 அடி இறங்குகிறது. ஆகவே ஓடுபாதைக்கு 10 மைல் முன் அது 3,180 அடி உயரத்தில் இருக்கும். ஓடுபாதை மட்டத்திலிருந்து 3,000 அடியில் அங்கே போய்ச் சேர்ந்தால் சற்று நேரத்தில் கதிர் உங்களிடம் வந்து சேரும். பிடித்த பின், தரைவேகத்தை 5ஆல் பெருக்குங்கள்: 90 நாட்டுக்கு 450. இறங்கும் வேகம் அந்த எண்ணுக்கு அருகில் இருந்தால் கதிரில்தான் இருக்கிறீர்கள்.

10. பெரிய விமானங்களில் மாறுபடுபவை

ஏர்பஸ் ஏ320இல் குமிழைத் திருப்பினால் மட்டும் போதாது. உள்ளே தள்ளினால் கணினி வழித்தடப்படி நடத்தும். வெளியே இழுத்தால் நீங்கள் வைத்த எண்படி நடக்கும். திராட்டில் நெம்புகோல் ஏற்றத்துக்கான பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டால் தானியங்கி வேகக்கட்டுப்பாடு செயலுக்கு வராது. பள்ளமில்லாத சாதாரண நெம்புகோல் வைத்திருப்பவர்கள் அளவீட்டுப் பக்கத்தில் அந்த இடத்தை முதலில் பதிய வேண்டும். போயிங் 737இல் வழித்தடத்தை உள்ளிட்ட பின் கணினியின் உறுதிப்படுத்தும் விசையை அமுக்க மறந்தால் வழித்தட மோடு ஏற்காது.

11. சிமுலேட்டரின் அமைப்புகளால் வருபவை

நேரத்தை 4 மடங்குக்கு மேல் வேகப்படுத்தினால் ஆட்டோபைலட் திருத்தங்களைத் தாமதமாகச் செய்யத் தொடங்கி, மூக்கு ஆட ஆரம்பிக்கும். திரையில் நொடிக்கு 20 படச்சட்டங்களுக்கு (ஃபிரேம்) கீழே போகும் கணினியிலும் இதே ஆட்டம் வரும். மேக அமைப்பைக் குறைத்துப் பாருங்கள். ‘ஆக்டிவ் பாஸ்’ என்ற நிறுத்தத்தைத் தவிருங்கள். அது விமானத்தின் இடத்தையும் உயரத்தையும் மட்டும் உறையவைக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், எரிபொருள் கரைந்துகொண்டே இருக்கும். எழுந்து போக வேண்டுமென்றால் முழு நிறுத்தத்தையே பயன்படுத்துங்கள்.

12. கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தல்

எல்லாம் ஒழுங்கானதும் ஆர்வத்தில் எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் செருகிவிட வேண்டாம். ஒன்றைச் சேர்த்து, ஆல்ட் மோடில் ஐந்து நிமிடம் நேராகப் பறந்து, டிரிம் சக்கரத்தையும் மேல்பட்டையையும் பார்த்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். புதிய கருவியைச் செருகும்போது சிமுலேட்டர் அதற்குத் தன் இயல்பான ஒதுக்கீடுகளைத் தானே கொடுத்துவிடும். நீங்கள் நீக்கிய டிரிம் அச்சு வேறொரு கருவியின் வழியாகத் திரும்ப வந்து உட்காருவது அப்படித்தான். எந்தக் கருவியில் எந்த அச்சை நீக்கினீர்கள் என்பதை அதே தாளில் எழுதி மேசையருகே ஒட்டிவையுங்கள். அடுத்த புதுப்பிப்பு வந்த அன்று முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாள்தான்.